பத்தால் வகுக்கவும்

ஷாவ் கெய் வான், ஹாங்காங்
28 அக்டோபர் 1979

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

யூக்சிம் வணங்கி எழுதுவது. நான் நலம். விமானத்தில் உங்கள் முழங்கால் மடங்கியதா, மடங்கியது நிமிர்ந்ததா என்று முதலில் எழுதுங்கள்.

கிளம்பும் அவசரத்தில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் ஏறவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன். அப்பாவிடமிருந்து கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. விங்யிப்பின் கப்பல் மே பத்தாம் தேதி இங்கே வரும், வந்த வாரமே எங்கள் கல்யாணம் என்று பேச்சு. அவர் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "பொண்ணோட அப்பா சம்மதம் முத்திரையோட வரணும். மனுஷர் இருக்காரா இல்லையான்னே தெரியாம நான் எப்படி நாள் குறிக்கிறது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. விங்யிப்பின் அப்பா இறந்தபோது நூறு நாளுக்குள் கல்யாணத்தை முடித்திருக்க வேண்டும், தவறினால் மூன்று வருடத் துக்கம் என்பது நம் வழக்கம். விங்யிப் கடலில் இருந்தார். கப்பல் கரை சேர்ந்தது நூற்றுப் பதினோராவது நாள். பதினோரு நாளுக்காக மூன்று வருடம் காத்தோம். எனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது சித்தப்பா. இன்னொரு மூன்று வருடம் என்னிடம் இல்லை.

அப்பாவைக் கண்டுபிடியுங்கள். பதினெட்டு வருடமாக அவர் உங்களுடன் பேசுவதில்லை என்பது தெரியும், காரணமும் தெரியும். கண்டதும் முதல் பத்து நிமிடமாவது உண்மை பேசுங்கள்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளவும்.

தங்கள் மகள்
யூக்சிம்


சான் ஃபிரான்சிஸ்கோ
6 நவம்பர் 1979

என் அருமை மகளே,

நலம். நீயும் அவ்வாறே என்று நம்பி எழுதுகிறேன். முழங்கால் மடங்கியது. அதை நிமிர்த்த மூன்று பணிப்பெண்களும் ஒரு பாதிரியாரும் தேவைப்பட்டார்கள்.

இறங்கியதிலிருந்து இதுவரை நாற்பத்தேழு அதிர்ச்சிகள். எண்ணி வைத்திருக்கிறேன். நம்மவர்கள் வாழும் பேட்டை ஒரு மலைச்சரிவில் தொங்குகிறது. பேருந்து நிலையத்திலிருந்து ஏற ஆரம்பித்தபோது மழமழவென்று சவரம் செய்திருந்தேன், உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாடி மார்பில் ஆடியது. தொலைபேசிக் கூண்டுக்குக்கூடக் கோயில் கூரை போட்டிருக்கிறார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

முப்பத்தொன்பதாவது அதிர்ச்சி: நான் சீனன் இல்லையாம். தேநீர்க் கடையில் என் நகரத்துப் பேச்சைக் கேட்டவன் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, யாரோ வெளிநாட்டுக்காரர் வந்திருக்கார், என்ன வேணும்னு கேளு" என்றான்.

"நான் சீனன்டா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உக்காருங்க."

இவர்கள் பேசுவது நம் ஊரில் என் பாட்டனார் பால்பல் விழும்போது பேசிய பேச்சு. அதை உப்புப் போட்டு ஜாடியில் வைத்திருந்து இன்றும் பரிமாறுகிறார்கள். கடைசியில் ஒரு பிஸ்கட் கொடுத்தான். மென்று விழுங்கிய பிறகு சொல்கிறான், அதற்குள் ஒரு துண்டுத் தாளில் என் வருங்காலம் எழுதியிருந்ததாம். என் விதியை நானே தின்று செரித்துவிட்டேன் மகளே. இனி எனக்கு என்ன நடந்தாலும் வயிற்றைத்தான் கேட்க வேண்டும்.

நாற்பத்தேழாவதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஜாக்சன் தெரு அறையில் இல்லை. கோடையிலேயே காலி செய்துவிட்டாராம். விடுதிக்காரன், "சங்கத்துல கேளுங்க" என்றான். நாளை கேட்பேன். நீ கலங்க வேண்டாம்.

இப்படிக்கு,
டிராம் வண்டிகளின் மாஜி சக்ரவர்த்தி,
உன் சித்தப்பா


சான் ஃபிரான்சிஸ்கோ
12 நவம்பர் 1979

என் அருமை மகளே,

உட்கார்ந்து படி. உன் சித்தப்பா செத்துவிட்டான்.

நம் மாவட்டச் சங்கம் நான்காவது மாடியில். படிகள் நாலாயிரம். மேலே ஊதுவத்திப் புகைக்கு நடுவே சுவர் நிறையப் பெயர்ப் பலகைகள். உயிரோடிருப்பவர்களும் முன்கூட்டியே இடம் பிடித்துப் பலகை வைத்துக்கொள்கிறார்கள். இருக்கும்வரை பெயர்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும், போனதும் கிழித்துவிடுவார்கள். இது நம் ஊரிலும் உள்ளதுதான். மூன்றாவது வரிசையில் அண்ணன் பலகை. க்வான் பாக்சுவென் என்று ஓரத்தில் சிறிதாக எழுதியிருக்க, மேலே சிவப்புத் தாள் பத்திரமாக இருந்தது.

அடுத்த பலகையைப் பார்த்தேன். க்வான் பாக்ஹோங். சிவப்பு இல்லை. முன்னால் ஆரஞ்சுப் பழம்.

சங்கச் செயலாளர் லூயி என்பவர் எண்பது வயது ஒல்லி மனிதர். "இது யாருங்க?" என்றேன்.

"அவரா. சுவென்னோட தம்பி. நண்டு சாப்ட்டுச் செத்துட்டார். நல்ல மனுஷன்னு சொல்வாங்க."

"அது நான்தான்."

லூயி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாவுறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்தீங்களோ?"

அறுபத்தொன்றாம் வருடம் அண்ணன் இங்கிருந்தே எனக்குப் பெண் பார்த்து நெருக்கியபோது, நண்டு தின்று மாண்டதாக என் நண்பனை விட்டு எழுத வைத்தேனே, அந்தக் கடிதத்தை நம்பி வைத்த பலகை. ஆறு மாதம் கழித்து நீதான் அப்பாவுக்கு "சித்தப்பா நேற்றும் நண்டு வாங்கி வந்தார்" என்று எழுதிக் காட்டிக்கொடுத்தாய். பலகையை எடுக்கவா, சிவப்பு ஒட்டவா என்று சங்கத்தில் கேட்டதற்கு அண்ணன், "அப்படியே இருக்கட்டும்" என்றாராம். பதினெட்டு வருடமாக ஊதுவத்தி மட்டும் தவறாமல் ஏற்றியிருக்கிறார். இது நாற்பத்தெட்டாவது அதிர்ச்சி. மற்ற நாற்பத்தேழையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறது.

அண்ணன் அகப்பட்டார். பூங்கா மூலையில், கல் மேசையில் சதுரங்கம். காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், "டேய் செத்த பயலே. ஏன்டா இவ்வளவு லேட்டு?"

சின்ன வயதில் கூப்பிட்ட அதே செல்லத் திட்டு. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் அப்பா நலம். மலைபோல் இருக்கிறார். கல்யாணச் செய்தி கேட்டு, எதிரில் ஆடியவரின் தேர்க் காயைத் தூக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். விவரம் பிறகு.

இப்படிக்கு,
இறந்து பதினெட்டு வருடமாகியும் பசி அடங்காத
உன் சித்தப்பா


ஷாவ் கெய் வான்
24 நவம்பர் 1979

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். அப்பா கிடைத்த செய்தியை மூன்று தடவை படித்தேன். உங்கள் கடிதங்களை எப்போதும்போல் பத்தால் வகுத்துத்தான் படிக்கிறேன். படிகள் நானூறு, அதிர்ச்சிகள் நான்கு முக்கால். ஆனால் "மலைபோல்" என்பதைப் பத்தால் வகுத்தால் என்ன வரும் என்று தெரியவில்லை.

அவர் ஏன் எழுதுவதை நிறுத்தினார், ஏன் அறையைக் காலி செய்தார் என்பதற்குக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சம்மதக் கடிதம் வாங்கி முத்திரையோடு அனுப்புங்கள். விங்யிப்பின் அம்மா ஹோ அம்மாள் தினமும் மீன் கடையில் நின்று என்னைக் கேட்கிறார். "வந்துச்சா?" என்பார். மீனையா கடிதத்தையா என்று கடைக்காரனுக்கே குழப்பம்.

காலுறை போட்டுக்கொள்கிறீர்களா?

யூக்சிம்


சான் ஃபிரான்சிஸ்கோ
9 டிசம்பர் 1979

என் அருமை மகளே,

நலம். இத்துடன் சம்மதக் கடிதம். கையெழுத்து என்னுடையது போல் இருக்கிறதென்றால் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று அர்த்தம். முத்திரை அவர் கையால் வைத்தது. சற்றுச் சாய்ந்திருக்கிறது. இந்த ஊரே சாய்ந்த ஊர், மேசையும் சாய்ந்தது, முத்திரை மட்டும் எப்படி நிமிர்ந்து நிற்கும்?

எழுதாததற்குக் காரணம் கேட்டாய். சதுரங்கம்தான். பூங்கா மூலையில் இவரை ஜெயிக்க ஆளில்லை. மூன்று மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வந்து தோற்றுவிட்டுப் போகிறார்கள். அறையை மாற்றியது, சங்கக் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இடம் கிடைத்ததால். படி குறைவு. நானும் அதே அறையில், ஜன்னலோரம். நேற்று உன் அப்பா ஒரு முழு வாத்தைத் தின்று, எலும்பைக் காட்டி, "இதோட அண்ணன் எங்கே?" என்று கேட்டார்.

"எனக்கும் ஒரு சிவப்புத் தாள் ஒட்டச் சொல்லுண்ணே" என்று கேட்டுப் பார்த்தேன்.

"புதுத் தாளெல்லாம் உனக்கு தண்டம்டா. என்னோடது காலியாகும்போது எடுத்துக்கோ."

இருவரும் சிரித்தோம். இங்கே மூடுபனி அதிகம். சிரித்தால் எல்லாருக்கும் இருமலில்தான் முடிகிறது.

மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல். மீனிடமும்.

இப்படிக்கு,
உலகச் சதுரங்கச் சக்ரவர்த்தியின் தம்பி,
உன் சித்தப்பா


ஷாவ் கெய் வான்
27 டிசம்பர் 1979

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சம்மதக் கடிதத்தை ஹோ அம்மாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முத்திரை சரி. வெச்ச கை நடுங்கியிருக்கு" என்றார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து மே பதினெட்டு என்று நாள் குறித்தார்.

அந்த வாத்தைப் பத்தால் வகுத்தேன் சித்தப்பா. ஒரு இறக்கை வந்தது. அதைச் சாப்பிட்டாரா?

அப்பாவை ஒரு வரி, அவர் கையால் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் பெயர் மட்டும் எழுதினாலும் போதும்.

யூக்சிம்


சான் ஃபிரான்சிஸ்கோ
20 ஜனவரி 1980

அன்புள்ள யூக்சிம்,

நலம். இன்று மழை. காலை எட்டு மணிக்குக் கஞ்சி குடித்தேன். அப்பா நலம். அவர் எழுதவில்லை, தூங்குகிறார். மதியம் கடைக்குப் போய் ஒரு வாழைப்பழம் வாங்கினேன். காலுறை போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா


ஷாவ் கெய் வான்
1 பிப்ரவரி 1980

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கேயும் குளிர்தான். கடைத்தெருவில் புத்தாண்டுக்கான கும்குவாட் குட்டி ஆரஞ்சுச் செடிகள் வந்துவிட்டன.

நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கஞ்சி மட்டும் போதாது, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றி இனி நான் நச்சரிக்க மாட்டேன். அவர் ஓய்வெடுக்கட்டும். நீங்கள் கூடவே இருந்தீர்கள், அது எனக்குப் போதும்.

யூக்சிம்


சான் ஃபிரான்சிஸ்கோ
1 மார்ச் 1980

என் அருமை மகளே,

நலம், நலம், நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். புத்தாண்டு ஊர்வலத்தின் வால் இன்றுதான் எங்கள் தெருவைக் கடந்தது. டிராகன் பன்னிரண்டு மைல் நீளம். தலை கடலில் தண்ணீர் குடித்தபோது வால் இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தலையைத் தூக்கியது யாரென்று நினைக்கிறாய்? உன் அப்பாதான். தனியாளாக. ஒரு கையால். மறு கையால் பட்டாசு கொளுத்தினார். பெண்கள் ஜன்னல்களிலிருந்து ஆரஞ்சுகளை வீசினார்கள், அத்தனையையும் வாயாலேயே பிடித்தார். காவல்துறை வந்து கைகுலுக்கிவிட்டுப் போயிற்று. இப்போது பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "கொஞ்சம் குறைச்சு எழுதுடா" என்கிறார்.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். விங்யிப்பின் கப்பல் மே பத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வர வழியே இல்லையா? காற்று சாதகமாக இருந்தால்? இந்தக் காலத்துக் கப்பல்களுக்குக் காற்று தேவையில்லை என்பது தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

இப்படிக்கு,
டிராகன் தலைவரின் தம்பி,
உன் சித்தப்பா


ஷாவ் கெய் வான்
23 ஏப்ரல் 1980

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

யூக்சிம் வணங்கி எழுதுவது. உட்கார்ந்து படியுங்கள், இந்த முறை நீங்கள்.

நேற்று எனக்கும் விங்யிப்புக்கும் கல்யாணம் முடிந்தது. அப்பா போய்த் தொண்ணூற்று மூன்றாவது நாள்.

ஜனவரி இருபதாம் தேதிக் கடிதத்தில் "ஒரு வாழைப்பழம் வாங்கினேன்" என்று எழுதியிருந்தீர்கள். பத்து வயதிலிருந்து உங்களிடம் வளர்ந்தவள் நான். எந்தப் பொருளையும் நீங்கள் ஒன்று என்று சொல்லிக் கேட்டதில்லை. டிராமில் இரண்டு பேர் ஏறினால் ஒரு பட்டாளம் ஏறியது என்பீர்கள். அந்தக் கடிதத்தில் பத்தால் வகுக்க எதுவுமே இல்லை. மீன் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹோ அம்மாள் கடிதத்தை வாங்கிப் படித்தார். "உன் சித்தப்பா எழுதினதா இது?" என்றார். "ஆமா" என்றேன். என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் நாட்காட்டியின் முன்னால் நிறுத்தி, விரல் வைத்து எண்ணினார். மே பத்து சரியாக நூற்றுப் பதினோராவது நாளில் விழுந்தது.

"மறுபடியும் நூத்திப் பதினொண்ணா? போன தடவை நாங்க கோட்டை விட்டோம். இந்தத் தடவை விட மாட்டேன்" என்று சொல்லி, தானே போய்க் கப்பலுக்குத் தந்தி கொடுத்தார். விங்யிப் சிங்கப்பூரில் இறங்கி, தன் இடத்துக்கு வேறு ஆளை விட்டுவிட்டு வந்தார்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அவர்தான். "அண்ணனுக்குக் குடுத்த வாக்கா இருக்கும். அந்த மனுஷன் பாவம், வேர்வை சிந்திப் பொய் சொல்லிட்டிருக்கார். முடியட்டும்." உங்கள் டிராகன் கடிதத்தை நாங்கள் சேர்ந்து படித்தோம். முதலில் சிரித்தோம்.

முன்னோரைக் கும்பிடும் கிங்மிங் நாளன்று அம்மாவின் கல்லறைக்கு இரண்டு கிண்ணம் சோறு கொண்டு போனேன். இத்தனை நாளும் தலைக்குட்டைக்குள் துக்கத்துக்கான வெள்ளைக் கம்பளிப் பூ வைத்திருந்தேன். நேற்று விடியும்போது எடுத்துவிட்டுச் சிவப்பு உடுத்தினேன்.

அப்பா சொன்னதைச் செய்துவிட்டீர்கள். இனி அவர் பலகையிலிருந்து தாளை எடுத்துவிடலாம். என்ன நடந்தது என்று எழுதுங்கள். வகுக்க வேண்டாதபடி எழுதுங்கள்.

யூக்சிம்


சான் ஃபிரான்சிஸ்கோ
2 மே 1980

அன்புள்ள யூக்சிம்,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படிகள் மொத்தம் எழுபத்திரண்டு. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

நுரையீரலில் வந்த நோய். கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். தூரிகையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் எழுதவில்லை. பூங்கா மூலையில் நான் பார்த்தது மலையை இல்லை, ஒரு கோட்டு மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அதற்குள் அண்ணன் இருந்தார். அதுதான் அதிர்ச்சி, அதற்கு நான் எண் போடவில்லை. கல்யாணச் செய்தியைச் சொன்னதும் அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"டாக்டர் வருஷக் கடைசின்னு சொல்லியிருக்கார். கப்பல் மே பத்துக்குத்தான் வருது. நான் ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் இழுத்துட்டா நூறு நாளுக்குள்ள வந்துடும். முடியலைன்னா, உனக்குப் பொய் சொல்றது தொழிலு, எனக்காக ஒண்ணு சொல்லு. கல்யாணம் முடியற வரைக்கும் நான் உசிரோட இருக்கேன்."

"சரிண்ணே" என்றேன்.

"நண்டுப் பொய் மாதிரி அரைகுறையா சொல்லித் தொலைக்காதே."

நாட்காட்டியைக் கட்டிலுக்கு எதிரில் மாட்டச் சொன்னார். தினமும் காலையில் தாளை நான்தான் கிழிப்பேன். டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி இருபது நாள் இருந்தார். பதினோரு நாள் குறைந்தது. இருபதாம் தேதி காலை ஏழு மணி. கடைசியாக, "தேதி என்னடா?" என்று கேட்டார். நான் முப்பத்தொன்று என்றேன். என் பக்கம் திரும்பி, "செத்த பயலே, பொய்தான?" என்றார். ஆனால் முகம் சிரித்திருந்தது.

இங்கே வழக்கம், பித்தளை வாத்தியக் குழு முன்னால் வாசித்துக்கொண்டு போக, திறந்த காரில் பெரிய படத்தை வைத்து எல்லாத் தெருவிலும் சுற்றிவருவது. செய்தி ஹாங்காங்குக்குப் போய்விடும் என்று நான் பயந்தேன். நான்கு பேரை மட்டும் வைத்து மெதுவாக வாசிக்கச் சொன்னேன். ட்ரம்ப்பெட்டை மெதுவாக வாசித்தால் பூனை தும்முவது போல இருக்கிறது. லூயி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார், பிறகு அழுதார். கடல் தெரியும் மேட்டில் அடக்கம் செய்தோம். அந்த வாழைப்பழம் வாங்கியது அவர் போன அன்று மதியம். இரண்டு வாங்கித்தான் பழக்கம்.

சிவப்புத் தாளை எடுக்க வேண்டாம் என்று லூயியிடம் கெஞ்சி வைத்திருந்தேன். அதுவரை சுவரில் போனவர் உயிரோடும் இருப்பவன் செத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நேற்று ஸ்டூல் போட்டு ஏறி அவர் தாளை உரித்தேன். பல வருடத்துத் தாள், நடுவில் கிழிந்துவிட்டது. சோற்றுப் பருக்கை தடவி என் பெயர்மேல் ஒட்டினேன். கிழிசல் வழியாக நடு எழுத்து மட்டும் வெளியே தெரிகிறது. பாக். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா வைத்த பொது எழுத்து.

லூயி கீழிருந்து பார்த்து, "நடுவுல கொஞ்சம் செத்திருக்கீங்க. புதுத் தாள் தரட்டுமா?" என்றார்.

"வேண்டாம், சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். மாமியாரிடம் சொல், கப்பலுக்குத் தந்தி கொடுத்த கைக்கு நான் வணக்கம் சொன்னதாக. க்வான், பாக், ஹோங் என்று பெயரில் மூன்று எழுத்து, தாள் மூடியிருப்பது இரண்டை. கீழே கையெழுத்தில் உள்ள கணக்கை வகுக்காதே.

இப்படிக்கு,
மூன்றில் இரண்டு பங்கு உயிரோடிருக்கும்
உன் சித்தப்பா